தோட்டத்துக் கணக்கேடும் தொழிற்சட்டமும்

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே ‘பேர்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. தாய் தந்தையர் இட்டு வழங்கும் பெயர் ஒன்று. ஒரு நாள் வேலை என்பது மற்றொன்று. “இந்த மாதம் எத்தனை பேர்?” என்று லயத்து வாசலில் ஒருவர் கேட்க, “இருபத்திரண்டு பேர்” என்று மற்றவர் விடை கூறினால், இருபத்திரண்டு நாள் வேலை செக்ரோலிற் பதியப்பட்டிருக்கிறது என்பதே கருத்து. குறித்த நிறைக்குக் குறைவாகக் கொழுந்து கொண்டு வந்தவருக்கு அரைப்பேர். காலையில் பிரட்டுக்களத்தில் ஆட்களைக் கணக்கிட்டு மலைக்கு மலை பிரித்து அனுப்புவார் கணக்கப்பிள்ளை. மாலையில் அக்கணக்கைச் செக்ரோலில் ஏற்றுவார் ஆபீசுக் கிளாக்கர். அந்த ஏட்டின் ஒரு கட்டத்தில் விழும் சிறு கோடுதான் ஒரு குடும்பத்தின் அன்றைய உணவு.

அந்த ஏட்டில் எதை எழுதலாம், எழுதியதற்கு எப்பொழுது பணம் கொடுக்கவேண்டும், எழுதப்பட்ட ஒருவரின் பெயரை எவ்வாறு வெட்டலாம் என்பவற்றையெல்லாம் தொடக்க காலத்தில் தோட்டத்துரையே தீர்மானித்தார். பின்னர் அவற்றை ஒவ்வொன்றாகச் சட்டம் தீர்மானிக்கலாயிற்று. கொழும்பிலே ஒரு சட்டம் அச்சாகும்போதெல்லாம் ஹற்றனிலும் நுவரெலியாவிலும் தோட்டத்து ஆபீசுகளில் ஒரு புதிய ஏடு திறக்கப்பட்டது. சட்டத்தை ஆக்குவோருக்கு அருகில் அமர்ந்திருந்த முதலாளி, சட்டத்தின் பின்னே ஓடவேண்டியவராக மாறிய அந்தக் கதை ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுக் கதையாகும்.

கோப்பிக் காலத்திலே சட்டம் முதலாளிக்கு ஒரு சுமையாக இருக்கவில்லை, கருவியாகவே இருந்தது. 1841ஆம் ஆண்டிலேயே வேலையாட்களின் ஒப்பந்தங்களைப் பற்றி ஒரு கட்டளைச் சட்டம் பிறந்தது. 1854இல் தோட்டத்துரைமார் சங்கம் கண்டியில் அமைந்தது. பழைய விதிகளைத் தொகுத்துத் திருத்தி 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. அச்சட்டத்தின்படி வாய்ச்சொல்லால் வேலைக்கு அமர்ந்தவரும் மாத ஒப்பந்தத்துக்கு உட்பட்டவரே. முன்னறிவித்தல் கொடாவிடில் ஒப்பந்தம் தானே அடுத்த மாதத்துக்கும் தொடரும். தகுந்த காரணமின்றி வேலைக்கு வராதிருத்தல், சொற்கேளாமை, துடுக்காகப் பேசுதல், தோட்டத்தை விட்டு ஓடுதல் ஆகியவை குற்றங்கள். அவற்றுக்கு மூன்று மாதம் வரை சிறையும் விதிக்கலாம். சம்பளம் கொடாத முதலாளியையும் நீதிமன்றுக்கு இழுக்கலாம் என்று அதே சட்டம் கூறிற்று. ஆயினும், எழுத்தறியாத ஒருவர் காட்டுப்பாதையில் பல மைல் நடந்து நீதிமன்றை அடைந்து தம் துரையின்மீது வழக்குத் தொடுப்பதும், துரை ஒரு கடிதம் எழுதி வாரண்டுப் பெறுவதும் ஒரே தன்மையான செயல்கள் அல்ல. இரு பக்கத்துக்கும் பொதுவாக எழுதப்பட்ட சட்டம் ஒரு பக்கமாகவே நடந்தது.

இங்கே ஒன்றை ஒப்புநோக்கல் தகும். எசமானருக்கும் வேலையாளுக்கும் இடைப்பட்ட ஒப்பந்தத்தை மீறுவது குற்றமென்னும் கொள்கை இங்கிலாந்திலிருந்தே இலங்கைக்கு வந்தது. அந்த இங்கிலாந்து 1875இல் அக்கொள்கையைக் கைவிட்டது. இலங்கை மலைகளில் அது 1921 வரை உயிரோடிருந்தது. தாய்நாட்டிலே தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப முடியாத ஒருவர், கப்பலேறி வந்து லிந்துலையிலோ டிக்கோயாவிலோ தோட்டம் நடத்தினால் அனுப்ப முடிந்தது.

இதற்கிடையே சட்டம் சிறிது சிறிதாக முதலாளியின் பக்கமும் முகம் திருப்பியது. 1872இல் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. தென்னிந்தியாவிலிருந்து காட்டுவழியே நடந்துவந்தோர் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் மடிந்தமை அதற்குப் பின்னணி. வைத்தியச் செலவை யார் ஏற்பது என்ற வழக்காடல் பல ஆண்டு நீடித்தது. அதற்குள் கோப்பியே வீழ்ந்துவிட்டது. 1869இல் தோன்றிய இலைநோய் பரவி, தோட்டங்கள் கடனில் மூழ்கின. உரிமையாளர் கைவிட்டுச் சென்ற தோட்டங்களில் மாதக்கணக்காய்ச் சம்பளம் காணாத ஆட்கள் எஞ்சினர். தோட்டம் விற்பனைக்கு வந்தால் ஈடுபிடித்தவருக்கு முதலில் பணம் கிடைக்கும்; மலையை வெட்டித் திருத்தியவருக்கு ஒன்றுமில்லை. இந்த நிலையிலேதான் 1884இல், தொழிலாளரின் மூன்று மாதச் சம்பளம் வரையுள்ள தொகைக்குத் தோட்டத்தின்மீது முதல் உரிமை வழங்கப்பட்டது. கடன் கொடுத்தவனுக்கு முன்னே கூலி வாங்குபவனை நிறுத்திய அவ்விதி, அக்காலத்துக்குச் சிறிய காரியமன்று.

லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 1867இல் நாட்டிய தேயிலை, கோப்பியின் இடத்தைப் பிடித்தது. 1884இல் ஹற்றனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் புகையிரதம் வந்தது. கோப்பிக்குப் பறிக்கும் பருவத்தில் ஆள் வேண்டும். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் வேண்டும். வந்து திரும்பிய கூட்டம் லயங்களிலே தங்கிய சமுதாயமாயிற்று. அதற்கேற்ப 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இந்தியத் தொழிலாளருக்கெனத் தனியே இயற்றப்பட்டது. முதலாளி தம் தொழிலாளரின் பெயர்ப் பதிவேட்டை வைத்திருத்தல் வேண்டும்; மாதம் முடிந்து அறுபது நாட்களுக்குள் சம்பளம் கொடுத்தல் வேண்டும் என்பன அதன் விதிகளுட் சில. உழைத்த கூலிக்கு இரண்டு மாதம் காத்திருத்தலை ஒரு சீர்திருத்தம் என்று எண்ண வேண்டியிருந்ததாயின், அதற்கு முந்தைய நிலை எத்தகையது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

சட்டம் இவ்வளவு கூறியும் எட்டமுடியாத ஓரிடம் இருந்தது. துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே நின்றவர் பெரிய கங்காணி. ஊரிலே ஆள் திரட்டத் துரையிடம் முற்பணம் வாங்குபவர் அவர். அப்பணத்தை ஆட்களின் தலையில் கடனாக ஏற்றுபவரும் அவரே. வேலைக்கு இறங்கிய ஆள் ஒவ்வொருவருக்கும் நாளுக்கு இவ்வளவு எனத் தலைக்காசும் அவருக்கு உண்டு. ஒரு கங்காணி தம் கூட்டத்தோடு வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், பழைய துரை ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார்: இன்ன தொகையைச் செலுத்துபவருக்கு இத்தனை ஆளை விடுவிப்பேன் என்பதே அதன் வாசகத்தின் சாரம். புதிய துரை அத்தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கட்டிய தொகை ஆட்களின் கடனாகத் தொடரும். ஆட்பஞ்சம் மிகும்போது துண்டின் தொகையும் ஏறும். கடன் தீர்ந்ததா, எவ்வளவு மிச்சம் என்பது கங்காணியின் வாய்க்கணக்கே அன்றி, கடன்பட்டவர் கண்ட கணக்கன்று. ஒருவர் பிறர் கையில் எழுதப்பட்ட ஒரு சிறு காகிதத்தால் தோட்டம் விட்டுத் தோட்டம் மாறினார்.

வியப்பு யாதெனின், துண்டினால் துரைமாரும் துன்புற்றனர். ஒருவர் ஆளை மற்றவர் கூடுதல் பணம் காட்டிக் கவர்ந்தனர். ஆள் சேர்ப்பை ஒழுங்குபடுத்தவே 1904இல் திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் நிறுவப்பட்டது. ஆயினும், துண்டை விட்டொழிக்க எவரும் முன்வரவில்லை. முதலில் விட்டவருக்கே ஆள் குறையும் என்ற அச்சம் அவர்களைத் தடுத்தது.

அம்முடிச்சை அவிழ்த்தது வெளியிலிருந்து வந்த நெருக்குதல். சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் இலங்கைத் தொழிலாளர் நலவுரிமைச் சங்கத்தைத் தொடக்கி, தொழிலாளரைச் சிறைக்கனுப்பும் விதிகளுக்கெதிராக வாதாடினார். கடலுக்கப்பால், ஒப்பந்தக் கூலிமுறையை எதிர்த்தெழுந்த இந்தியப் பொதுமக்கள் கருத்து இலங்கையையும் நோக்கித் திரும்பியது. 1921இல் சட்டம் மாறிற்று. துண்டு தடைசெய்யப்பட்டது, ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளிக்குச் சிறை என்ற விதி நீங்கியது. அடுத்த ஆண்டில் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் பிறந்தது. இனி இலங்கைக்கு ஆள் வேண்டுமாயின் இந்திய அரசாங்கத்துக்கு உடன்பாடான நிபந்தனைகள் வேண்டும். 1923இல் அதற்கிசைந்த கட்டளைச் சட்டமொன்று இலங்கையில் இயற்றப்பட்டது. ஆட்களைக் கொண்டுவரும் செலவு முதலாளிமார் செலுத்தும் பொதுநிதியைச் சார்ந்தது. கடனோடு கரையேறும் வழக்கம் ஒழியலாயிற்று. இந்திய அரசாங்கத்தின் ஏஜண்டு ஒருவர் கண்டியில் அமர்ந்தார். தோட்டங்களைச் சென்று பார்க்கவும், முறைப்பாடுகளைக் கேட்கவும், ஆண்டுதோறும் அறிக்கை எழுதவும் அவருக்கு இடமிருந்தது. தம் செக்ரோலைத் தம் கிளாக்கரைத் தவிர வேறொருவர் புரட்டிப் பார்க்கக்கூடும் என்ற எண்ணம் துரைமாருக்கு அப்பொழுதுதான் தோன்றியிருத்தல் வேண்டும்.

இத்தொடரிலே மிக ஆழமான மாற்றம் 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கொணர்ந்த குறைந்தபட்சச் சம்பளம் ஆகும். 1929 தொடக்கத்தில் அது நடைமுறைக்கு வந்தபோது, உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என வகுக்கப்பட்டது. தாழ்நிலத்தில் இத்தொகைகள் சிறிது குறைவு. மதிய உணவு நேரம் உட்பட ஒன்பது மணி நேரம் ஒரு வேலைநாள் என்று கொள்ளப்பட்டது.

சம்பளத்தின் தொகையைவிட அந்த ஒன்பது மணி நேரம் என்ற சொற்றொடரே தோட்டத்தைப் பெரிதும் கலக்கியது எனலாம். தோட்டம் என்றுமே நிறையை அளவாகக் கொண்டது. சட்டமோ நேரத்தை அளவாகக் கொண்டது. பனிமூடிய ஒரு மலையில், கவ்வாத்து முடிந்து கொழுந்து அரிதாய் நின்ற செடிகளுக்கிடையே காலை முதல் மாலை வரை நின்ற ஒரு பெண்ணின் கூடை நிறையாவிடில், அவருக்கு முழுப்பேரா, அரைப்பேரா? நின்ற நேரத்தைப் பார்த்தால் முழுப்பேர். நிறுத்த கொழுந்தைப் பார்த்தால் அரைப்பேர். அரைப்பேர் பற்றிய முறைப்பாடுகள் அன்று எழுந்தன, பின்னரும் ஓயவில்லை. உலகப் பொருளாதார மந்தத்தால் தேயிலை விலை வீழ்ந்த 1930களின் முற்பகுதியில் குறைந்தபட்சச் சம்பளமே குறைக்கப்பட்டது. ஏறவேண்டிய சட்டம் இறங்கவும் கூடும் என்பதைத் தொழிலாளர் அப்பொழுது கண்டனர்.

இக்காலத்தில் சட்டங்கள் அனைத்தும் ஆங்கிலத்திலேயே இருந்தன. துரைக்கு அவற்றை விளக்கத் துரைமார் சங்கத்தின் சுற்றறிக்கைகள் தபாற்பையில் வந்தன. அச்சுற்றறிக்கைகளைப் படித்து ஏடுகளை மாற்றியவர் பெரும்பாலும் பெரிய கிளாக்கரே. தொழிலாளருக்கு விளக்குவார் யார்? அப்பணியை மேற்கொண்டவருள் முதன்மையானவர் கோ. நடேசய்யர். ‘தேசபக்தன்’ ஆசிரியராயிருந்த அவர் 1931இல் ஹற்றனிலே அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். தொழிலாளர் தம் உரிமைகளை அறியும்படி எளிய தமிழில் கைநூல்களும் வெளியிட்டார். அவர் துணைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களிற் பாடிய பாட்டுகள் சட்டத்தினும் விரைவாக லயங்களை எட்டின. புதிதாய் வந்த சின்னத்துரைமாருக்குத் தமிழ் கற்பிக்க எழுந்த கைநூலொன்றின் பெயர் ‘இங்கே வா’ என்பது. ஒரே மொழியில் இரு வகைக் கைநூல்கள் மலையேறின. ஒன்று ஏவுவதற்கு, மற்றொன்று கேட்பதற்கு.

1934இல் விபத்துக்கு நட்டஈடு, 1935இல் தொழிற்சங்கப் பதிவு, 1939இல் மகப்பேற்று நன்மை என அடுத்தடுத்துக் கட்டளைச் சட்டங்கள் வந்தன. இவற்றுள் தொழிற்சங்கச் சட்டம் ஏழுபேர் கூடினால் சங்கமாகப் பதியலாம் என்றது. ஆனால் அந்தச் சங்கத்தின் தலைவர் தோட்டத்துக்குள் காலடி வைக்கத் துரையின் அனுமதி வேண்டும். ஏனெனில் லயம் நிற்கும் நிலமும் அதற்குச் செல்லும் பாதையும் தனியார் உடைமை. சங்கம் அமைப்பது சட்டப்படி உரிமை. அச்சங்கத்தின் கூட்டத்துக்கு வருவது அத்துமீறல்! இந்த முரண்பாடு 1970இல், தொழிற்சங்கப் பிரதிநிதிகள் தோட்டங்களுக்குள் நுழைவதற்கான சட்டம் வரும்வரை நீடித்தது.

சட்டத்துக்கும் தோட்டத்துக்கும் இடையிலிருந்த இவ்வெளியில்தான் முல்லோயாச் சம்பவம் நிகழ்ந்தது. ஹேவாஹெற்றைப் பகுதியிலுள்ள அத்தோட்டத்தின் வேலைநிறுத்தத்தின்போது, 1940 ஜனவரி 10ஆம் தேதி பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். அதுபற்றி விசாரணை ஆணைக்குழு அமைந்தது. அவ்வாண்டில் மலைநாடெங்கும் வேலைநிறுத்தங்கள் பரவின. அதன் பயனாகத் துரைமார் சங்கமும் தொழிற்சங்கங்களும் ஏழம்ச உடன்படிக்கையொன்றுக்கு வந்தன. தொழிற்சங்கம் என்ற ஒன்றைப் பதிவேட்டில் மட்டுமே கண்டிருந்த முதலாளிமார், அதனோடு ஒரே மேசையில் அமரவேண்டியதாயிற்று.

1941ஆம் ஆண்டின் சம்பள நிர்ணய சபைகள் கட்டளைச் சட்டத்தோடு கிளாக்கர்மாரின் வேலை இன்னும் நுணுக்கமாயிற்று. முதலாளிகளும் தொழிலாளரும் சம எண்ணிக்கையில் அமர, அரசாங்கம் நியமித்தோரும் உடனிருந்து சம்பளத்தை வகுப்பது அதன் முறை. அடிப்படைச் சம்பளத்தோடு, வாழ்க்கைச் செலவுச் சுட்டெண்ணைப் பின்பற்றும் விசேட படியும் சேர்ந்தது. ஆகவே, ஒரு பேரின் விலை இனி மாதத்துக்கு மாதம் மாறக்கூடும். வர்த்தமானியைப் பாராமல் சம்பளப் பட்டியல் எழுத முடியாது. பிழையாக எழுதினால் தொழிற் பரிசோதகர் முன் விடை சொல்லவேண்டும்.

ஆயினும், முதலாளியின் கையில் ஒரு பெரிய அதிகாரம் இதன் பின்னும் எஞ்சியிருந்தது. அதுதான் பற்றுச்சீட்டு. ஒருவரைப் பற்றுச்சீட்டுக் கொடுத்து நிறுத்தினால் வேலை மட்டும் போவதில்லை. லயக்காம்பிராவும் போகும், பிள்ளைக் காம்பிராவில் விட்டிருந்த குழந்தைக்கு இடமும் போகும், சில வேளை பெற்றோர் புதைக்கப்பட்ட மண்ணும் போகும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் பெரும்பாலோர் நாடற்றவராகிய பின், தோட்டத்தை விட்டு வெளியேறியவர் நிற்க ஓரிடமும் இல்லாதவரானார். 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் நடுத்தீர்ப்புக்கு வழி வகுத்தது. 1957இல் அச்சட்டம் திருத்தப்பட்டுத் தொழில் நியாயசபைகள் ஏற்பட்டன. நிறுத்தப்பட்ட தனியொருவரும் அங்கே முறையிடலாம். நிறுத்தியது நியாயமா என்று கேட்கப்பட்டது. 1865இல் தொழிலாளி ஏன் வேலைக்கு வரவில்லை என்று நீதிமன்றிற் காரணம் கூறவேண்டியிருந்தது. 1957க்குப் பின், அவரை ஏன் வேலையிலிருந்து நீக்கினார் என்று துரை காரணம் கூறவேண்டியவரானார். எச்சரிக்கைக் கடிதத்தின் பிரதி, விசாரணைக் குறிப்பு, சாட்சியின் கையொப்பம் ஆகியவை இல்லாத துரை நியாயசபையில் தோற்றார். தோட்ட ஆபீசுகளில் ஆளுக்கொரு கோவை திறக்கும் வழக்கம் வலுப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்த ஆண்டு, 1958இல், ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் வந்தது. தொடக்கத்தில் தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு 4, முதலாளியின் பங்கு நூற்றுக்கு 6. இச்சட்டம் வேறொரு பழைய குறையை வெளிப்படுத்தியது. செக்ரோலில் ஒருவர் பெயர் ஒருவிதமாகவும், பிறப்புப் பதிவில் மற்றொருவிதமாகவும், சேமலாப நிதிப் பத்திரத்தில் மூன்றாவது விதமாகவும் இருக்கும். தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டு ஆங்கில எழுத்தில் எழுதியதன் விளைவு அது. கூலி கொடுக்கும் வரை அதனால் கேடில்லை. முப்பது நாற்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெற்று, நிதியைக் கேட்கும்போது, மூவரும் ஒருவரே என்று நிறுவவேண்டிய பொறுப்பு அம்முதியவரின் தலையில் விழுந்தது. இந்தப் பிழைக்காக அலைந்தவர் பலர்.

பிந்திய வரலாறு விரைவானது. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. சட்டம் இயற்றும் அரசாங்கமே பெருமுதலாளியாயிற்று. அதனால் சட்டம் நன்கு பேணப்பட்டதென்று கூறுவதற்கில்லை. 1983இல் பணிக்கொடைச் சட்டம் வந்தது. பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்ற நிலை 1984இல், வேலைநிறுத்தமொன்றின் பின் கிட்டியது. 54 சதமும் 43 சதமுமாக ஏட்டிலேறிய அந்த வேறுபாடு அழிய ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. கொழுந்து பறிப்போரிற் பெரும்பாலோர் பெண்களே என்பதை நினைந்தால், மிச்சப்பட்ட பணம் யாருடையது என்பது விளங்கும்.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் மீண்டது. சில காலம் கூட்டொப்பந்தங்களே சம்பளத்தை நிர்ணயித்தன. 2021இல் சம்பள நிர்ணய சபையின் வழியாக நாட்சம்பளம் 1000 ரூபா ஆக்கப்பட்டபோது, கம்பனிகள் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடின. கூட்டொப்பந்தமும் முறிந்தது. தோட்டங்களிலோ, ஒரு பேருக்குக் கேட்கும் கொழுந்தின் நிறை ஏறிவிட்டதென்றும் அரைப்பேர் மிகுந்துவிட்டதென்றும் முறைப்பாடுகள் எழுந்தன. 1929இல் தீராத கணக்கு, சதம் ரூபாவாகிய பின்னும் தீரவில்லை.

இதனிடையே சில கம்பனிகள் வேறொரு வழியில் இறங்கின. தேயிலை நிலத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொரு குடும்பத்திடம் பராமரிக்கக் கொடுத்து, அவர்கள் பறித்துத் தரும் கொழுந்துக்குக் கிலோக் கணக்கில் விலை கொடுப்பது அம்முறை. களையெடுப்பதும் உரமிடுவதும் கொழுந்தெடுப்பதும் அதே கைகள். முற்றிலும் அம்முறைக்கு மாறிய குடும்பத்தினர் பிரட்டுக்களத்துக்கு வருவதில்லை. அவர்களுக்கு முழுப்பேரும் இல்லை, அரைப்பேரும் இல்லை. மாலையில் தராசின் முன் நின்று, கொழுந்தின் நிறை எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்புகின்றனர்.